பாபிலோன் சீட்டு

பெண்கள் ஜெபக்கூட்டம் நடத்துகிறவங்களுக்கு நல்லாத் தெரியும்: வசனத்தை எடுத்துக் கொடுப்பது சுலபம், வாங்கிக்கிட்டுப் போறவங்க வூட்டுல உக்காந்து அதை என்னவா நினைப்பாங்க என்பதுதான் நம்ம கையில் இல்லை.

விரல் விழுந்த இடம்

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் தட்டிலிருந்து ஆளுக்கொரு வாக்குத்தத்தச் சீட்டு, அந்த வருஷத்துக்கான வசனம் எழுதினது, எடுப்பது உங்க சபையிலும் உண்டுதானே. இந்த வருஷம் எங்களுக்கு அச்சடித்த சீட்டு பத்தவில்லை. மீதியை எங்கள் கூட்டத்துப் பாக்கியம் அக்கா எழுதிக் கொண்டுவந்தார். ஆசீர்வாத வசனமாகப் பார்த்து எழுதுவார் என்றிருந்தோம். அவரோ கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, விரல் விழுந்ததை எழுதியிருக்கிறார். அதில் ஒன்று எரேமியாவில் வருவது. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போகும்படி உங்களை அனுப்பினது நானே என்று கர்த்தர் சொல்லுகிற இடம்.

"ஏங்க்கா, இதையா வாக்குத்தத்தம்னு எழுதுவீங்க?" என்று பிறகு கேட்டேன்.

"விரலை வெச்சது நானு, நிறுத்துனது அவரு. அவருகிட்டயே கேளு."

மூட்டை கட்டுவது நின்றது

அந்தச் சீட்டு எஸ்தர் கைக்குப் போனது. போர்க் கிணறு வத்தி, தக்காளித் தோட்டம் காய்ந்து, பொங்கல் முடிந்ததும் புருஷனோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்ப இருந்தவள். சீட்டைப் படித்ததும் மூட்டை கட்டுவதை நிறுத்திவிட்டாள். சொன்ன நாளில் போகாவிட்டால் அந்த வேலையும் கிடையாது. அவள் புருஷன் என் வாசலில் வந்து நின்றார்.

"ஆண்டவரே ஊரை விட்டுத் தொரத்துறாருன்னு அழுவுதுங்க. மேஸ்திரி வேற ஆளு பாக்கறதுக்குள்ள ஒரு எட்டு வாங்கக்கா."

அடுத்த வசனம்

"நாங்க என்ன பாவம் செஞ்சோம்க்கா?" என்றாள் எஸ்தர். போர் வத்தினது உனக்கு மட்டுமா, பாலக்கோடு பக்கம் எத்தனை பேருக்கு வத்திச்சு என்றேன். பாபிலோனுக்குப் போன ஜனங்கள்மேல் நியாயத்தீர்ப்பு வந்தது உண்மைதான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அடித்த அம்மாவேதான் சோத்தைப் பிசைந்து வைத்துக்கொண்டு பிள்ளையைக் கூப்பிடுவாள். அனுப்பினவர் அதோடு பேச்சை நிறுத்திவிட்டாரா பார் என்று வேதத்தை அவள் கையிலேயே கொடுத்தேன்.

வாசித்தாள். போன இடத்தில் வீடு கட்டிக் குடியிருக்கச் சொல்லியிருந்தது. தோட்டம் வைத்து, விளைந்ததைச் சாப்பிடச் சொல்லியிருந்தது. அந்த ஊருடைய சமாதானத்துக்காக ஜெபம் பண்ணவும் சொல்லியிருந்தது. இன்னொரு முறை வாசித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பாக்கியம் அக்கா வெரலு ஒரு வசனம் கீழ விழுந்திருந்தா, நான் இத்தனை நாளும் ஒழுங்கா சோறு தின்னிருப்பேன்."

பெங்களூரிலிருந்து போன்

சொன்ன நாளில் கிளம்பிப் போனார்கள். போன வாரம் கூப்பிட்டாள். தகரக் கொட்டகைக்குப் பக்கத்தில், காலி பெயின்ட் டப்பாவில் மண் நிரப்பித் தக்காளி நட்டிருக்கிறாள். முதல் பழம் பறித்துக் குழம்பு வைத்தாளாம். "அந்த ஊர் சமாதானத்துக்கு ஜெபம் பண்றியா?" என்று கேட்டேன்.

"பண்ணாமயா? தெருவுல தண்ணி லாரி வந்து நின்னா நடக்குற கொடச் சண்டையில, ஜெபம் ஒண்ணுதாங்க்கா எங்களைக் காப்பாத்துது."

அடுத்த வருஷமும் பாக்கியம் அக்காதான் சீட்டு எழுதுகிறார், ஆனால் விரல் எங்கே விழுந்தாலும் அதற்குக் கீழே இருக்கிற வசனங்களையும் சேர்த்து எழுதும்படி பெரிய சீட்டாக வெட்டிக் கொடுத்துவிட்டேன்.