குவாதலூப் துறைமுகத்தில் ஒரு பகல்: கொழும்புக்குப் போன கதை

ரொறன்ரோவில் இருக்கும் என் அக்கா தன் ஐம்பதாவது பிறந்தநாளைக் கப்பலில் கொண்டாடுவதென்று முடிவு செய்தாள். புளோரிடாவில் ஏறி, கரீபியன் தீவுகள் சிலவற்றைச் சுற்றி, பத்து இரவுகள் கழித்து அதே இடத்தில் இறங்கும் பயணம். சென்ற டிசம்பரில் போனோம். அக்கா குடும்பத்துக்கு அது குளிரிலிருந்து தப்பி ஓடும் மாதம். சிட்னியில் எங்களுக்கோ அது நல்ல கோடை. வெயிலை விட்டு வெயிலுக்குப் போக இருபது மணிநேரத்துக்கு மேல் விமானத்தில் உட்கார்ந்திருந்தோம்.

நாங்கள் மூன்று பேர்: நான், கணவர் சுதன், பதினைந்து வயது மகள் அபிரா. கப்பல் நிற்கும் தீவுகளுக்கெல்லாம் அக்காவே திட்டம் போட்டாள், ஒன்றைத் தவிர. "குவாதலூப்பை நீ பார். அங்கை பிரெஞ்சுதான் கதைப்பினம். அபிரா பள்ளிக்கூடத்திலை பிரெஞ்சு படிக்கிறாள்தானே," என்று போனில் சொல்லிவிட்டாள். அபிரா இரண்டு வருடம் பிரெஞ்சு படித்திருக்கிறாள் என்பது உண்மை. அந்த இரண்டு வருடத்தில் தன் அறையில் என்னென்ன இருக்கின்றன என்று சொல்லப் பழகியிருந்தாள்.

பரமட்டாவில் வேலை முடிந்து பிளாக்டவுனுக்கு வரும் ரயிலில் தினமும் இதைப் பற்றித்தான் வாசித்தேன். பாஸ்டேர் என்ற ஊரில் பழைய கரும்பு ரயில் ஓடுகிறது, குரங்குகள் தோளில் ஏறும், கோட்டை ஒன்று இருக்கிறது என்று இரண்டு வாரம் குறிப்பெடுத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது செயின்ட் கிட்ஸ் என்ற வேறு நாட்டின் பாஸ்டேர். குவாதலூப்பிலும் ஒரு பாஸ்டேர் உண்டு, தீவின் ஒரு பாதிக்கே அந்தப் பெயர். பெயருக்குத் தாழ்ந்த நிலம் என்று பொருள் சொல்கிறார்கள், ஆனால் மலையெல்லாம் அதில்தான். பக்கத்திலேயே பெரிய நிலம் என்ற பெயரில் இன்னொரு பாதி இருக்கிறது. அது சிறியது, தட்டையானது. நீங்களும் இந்தத் தீவுக்குத் திட்டம் போடுவதென்றால் முதலில் வரைபடத்தை எடுத்து வையுங்கள். பெயர்களை நம்ப வேண்டாம்.

ஹரிஸ் பார்க்கில் மதியச் சாப்பாட்டின்போது என்னோடு வேலை செய்யும் சாந்தியிடம் கேட்டேன். மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவர், நான்கு கப்பல் பயணம் போனவர். "கப்பல் டூரே எடுத்துக்குங்க. லேட்டானா வெயிட் பண்ணும். நீங்களா டாக்சி பிடிச்சுப் போனா, விட்டுட்டுப் போயிடும் லா," என்றார். அக்காவிடம் இதைச் சொன்னேன். "ஐம்பது பேரோடை பஸ்ஸிலை போய் என்னத்தைப் பாக்கிறது?" என்றாள். கப்பல் டூர் ஆளுக்கு 139 அமெரிக்க டொலர், நான்கு மணிநேரம். சுதன் கணக்கைப் பார்த்துவிட்டு அக்கா பக்கம் சாய்ந்தார். நான் இரண்டு பக்கமும் சாய்ந்து, கடைசியில் டாக்சி என்று தீர்மானித்தோம். கர்பே நீர்வீழ்ச்சிக்குப் போய், இருபது நிமிடம் காட்டுக்குள் நடந்து, திரும்ப வேண்டும். மணிவாரியாக ஒரு அட்டவணையும் போட்டேன். கப்பலுக்குத் திரும்ப வேண்டிய கடைசி நேரம் 4.30 என்று அதில் சிவப்பில் எழுதினேன். யாருடைய நேரம் என்று எழுதவில்லை. அப்படி ஒரு கேள்வி உண்டென்றே எனக்குத் தெரியாது.

பொய்ன்ட்-ஆ-பீத்ர் துறைமுகத்தில் கப்பல் கட்டியபோது என் கைக்கடிகாரத்தில் ஒன்பது. அக்கா குடும்பம் அன்று கப்பலிலேயே நின்றுவிட, நாங்கள் மூவரும் இறங்கி வெளியே வர ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆனது. டாக்சி நிறுத்தத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எங்களைப் பார்த்துக் கையசைத்தார். நம் ஊர் நிறம், நம் ஊர் மூக்கு, காதில் சிறிய தங்கத் தோடு. அவருடைய டாக்சியின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த அனுமதி அட்டையைச் சுதன் எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"ராமசாமி என்று போட்டிருக்கு. தமிழாக்கள் போலை," என்று என்னிடம் சொல்லிவிட்டு அவரிடம் திரும்பி, "அக்கா, நீங்கள் எந்த இடம்?" என்று கேட்டார்.

அவர் சிரித்தபடி பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னார். சுதன் என்னைப் பார்த்தார். நான் அபிராவைப் பார்த்தேன்.

"ஹெர் நேம் இஸ் ஜொசியான். ஷீ டஸின்ட் ஸ்பீக் டமில், அப்பா," என்றாள் அபிரா. "ஹெர் கிரேட் கிரேட் சம்திங் கேம் ஃப்ரம் இந்தியா."

கரும்புத் தோட்டங்களுக்கு வேலைக்காகக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் வழி வந்தவர் என்று மெல்ல மெல்ல விளங்கியது. நூற்றைம்பது யூரோவுக்குப் பேசி ஏறினோம். நகரத்தை விட்டு வெளியேறவே நெரிசலில் முக்கால் மணிநேரம். பிறகு வாழைத்தோட்டங்கள், இடது பக்கம் கடல். கபெஸ்தேர் என்ற ஊரைத் தாண்டி மலையேறத் தொடங்கியதும் மழை. வளைவொன்றில் பாதையை மறித்துக் கம்பி போட்டிருந்தார்கள். மழையால் நீர்வீழ்ச்சிக்கான பாதை மூடப்பட்டிருந்தது. என் அட்டவணையில் மாற்றுத் திட்டம் என்று ஒன்று இல்லை.

ஜொசியான் வண்டியைத் திருப்பினார். ஏதோ கேட்டார். அபிரா நெற்றியைச் சுருக்கினாள்.

"என்ன சொல்லுறா?" என்றார் சுதன்.

"கொலம்போவுக்கு... வாட்? டூ வீ வாண்ட் கொலம்போ, ஷீ ஸெட்."

"கொழும்போ? நாங்கள் கொழும்பு இல்லையெண்டு சொல்லு. யாழ்ப்பாணம்."

அபிரா அதை அப்படியே சொன்னாள் போலிருக்கிறது. ஜொசியான் குழம்பிப்போய், கோழியா ஆடா என்று கேட்டார். கோழி, ஆடு என்ற சொற்கள் அபிராவுக்குத் தெரியும். "அப்பா, ஷீ வாண்ட்ஸ் டு நோ, கொலம்போ சிக்கனா கோட்டா?" அப்போதுதான் விளங்கியது. கொழும்பு என்பது அங்கே கறி. மல்லி, மஞ்சள், வெந்தயம், கடுகு அரைத்த தூளின் பெயரும் அதுதான். குழம்பு என்ற சொல் தேய்ந்து அப்படி ஆனதா, கொழும்புத் துறைமுகத்தின் பெயர் ஒட்டிக்கொண்டதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஜொசியானுக்கும் தெரியவில்லை. ஆடு என்றோம்.

அவருடைய அண்ணன் வீட்டில்தான் சமையல். வாழைத்தோட்டத்தின் ஓரத்தில் வீடு, அதற்குப் பக்கத்தில் மஞ்சளும் சிவப்புமாகத் தீட்டிய சிறிய கோயில். மாலியமன் என்றார்கள். மாரியம்மன் என்று எனக்கு உறைக்கச் சிலையைப் பார்க்க வேண்டியிருந்தது. அண்ணன் பெயர் ஜெரார். வாழைக்குலை லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர், அந்தக் கோயிலுக்குப் பூசாரி. பூசாரி என்ற சொல்லை மட்டும் கிட்டத்தட்ட நம்மைப் போலவே சொன்னார்.

நாங்கள் தமிழ் பேசுபவர்கள் என்று தங்கை சொன்னதும் அவர் முகம் மாறியது. உள்ளே போய் ஒரு கொப்பியைக் கொண்டு வந்தார். அவர் தகப்பன் பாடியதைக் காதால் கேட்டு, பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்த பாட்டுகள். நாற்பது வருடமாகப் பாடுகிறார். ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. ஒரு வரியில் விரலை வைத்து, இதற்கு மட்டும் என்ன அர்த்தம் என்று கேட்டார். தகப்பன் சாகும்போது இந்த வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாராம். அம்மனின் ரகசியப் பெயர் அது என்று குடும்பத்தில் நம்புகிறார்கள்.

வாசித்துப் பார்த்தேன், விளங்கவில்லை. பாடச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு பாடினார். "தன்னெ தெளி, மன்னெ தெளி" என்பது போலக் கேட்டது. இன்னொரு முறை. சுதனும் காது கொடுத்தார்.

"தண்ணி தெளி, மண்ணிலை தெளி. அதுதான்," என்றார் சுதன் மெதுவாக.

எனக்கும் அப்படித்தான் பட்டது. அம்மனின் பெயர் இல்லை. பூசையின்போது பக்கத்தில் நிற்பவருக்கு யாரோ சொன்ன வேலை பாட்டோடு சேர்ந்துவிட்டிருக்கிறது.

"இதை எப்பிடியப்பா இந்த மனிசனுக்குச் சொல்லுறது?" என்று சுதனிடம் கேட்டேன். "பேசாமல் அம்மன் பெயரெண்டே சொல்லிவிடுவமே."

அபிரா என்னை முறைத்தாள். "நோ, அம்மா. ஹீ ஆஸ்க்ட்." பிறகு அவளே தண்ணீர் என்ற சொல்லையும் நிலம் என்ற சொல்லையும் பிரெஞ்சில் சொல்லி, தெளிப்பதற்குச் சொல் தெரியாமல் கையால் காட்டினாள்.

ஜெரார் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து கோயிலுக்குள் போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். ஒரு செம்பில் தண்ணீரோடு வந்தார். அந்த வரியைப் பாடினார். சரியாக அந்த இடத்தில் வேப்பிலையால் தரையில் தண்ணீர் தெளித்தார். தகப்பனும் அந்த இடத்தில் அதைத்தான் செய்வாராம், ஏன் என்று யாரும் கேட்டதில்லையாம். ஜொசியான் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தார். அபிரா ஜெராரின் பாட்டைப் போனில் பதிவு செய்துகொண்டாள்.

உள்ளிருந்து கறி வாசம் வந்தது. அப்போதுதான் சுதன் போனைப் பார்த்தார்.

"மூன்று ஐம்பது. நாலரைக்குக் கப்பல்."

என் கைக்கடிகாரத்தில் இரண்டு ஐம்பது. விமானப் பயன்முறையில் இருந்த அபிராவின் போனிலும் இரண்டு ஐம்பது. ஜொசியானின் காரில் மூன்று ஐம்பது. இரண்டுக்கு இரண்டு. "போன் பொய் சொல்லாது. உம்மடை மணிக்கூடு நிண்டிருக்கும்," என்றார் சுதன். ஓடிக்கொண்டிருக்கும் மணிக்கூட்டை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். ஜொசியான் கப்பல் கிளம்ப ஆறு மணி, ஆறு மணி என்று விரலால் காட்டினார். நாங்கள் கேட்கவில்லை. கடவுச்சீட்டு அறைப் பெட்டகத்தில் இருந்தது. கப்பல் போய்விட்டால் அடுத்த தீவுக்கு எப்படிப் பறப்பது என்று என் தலைக்குள் ஓடியது. சாந்தியின் முகமும் வந்துபோனது. சாப்பிடாமல் வண்டியில் ஏறினோம். ஜெரார் ஓடிவந்து, அலுமினியத் தாளில் சுற்றிய பாத்திரமொன்றை ஜன்னலால் என் மடியில் வைத்தார். சரியாக விடைபெறக்கூட இல்லை.

துறைமுகத்துக்கு வந்தபோது சுதனின் போனில் 4.50. கப்பல் அங்கேயே நின்றது. ஆட்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி நிதானமாக நடந்து போனார்கள். வாசலில் நின்ற காவலரிடம் மூச்சு வாங்கக் கேட்டேன். கப்பல் புளோரிடா நேரத்தையே வைத்திருக்கிறது, தீவு ஒரு மணி முன்னால், இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது என்றார். என் கைக்கடிகாரம்தான் சரி. சுதன் போனைப் பைக்குள் வைத்தார். ஜொசியானும் நாங்களும் துறைமுகத்துப் படியில் உட்கார்ந்து, ஒரே பாத்திரத்தில் கையால் ஆட்டுக் கொழும்பு சாப்பிட்டோம். வெந்தயம் சற்றுத் தூக்கல். அதை அங்கேயே, அந்த மனிதர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கப்பல் நேரமா உள்ளூர் நேரமா என்று இறங்கும் வாசலில் கேட்டு, கையில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். கபெஸ்தேர் முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் திரும்பி வர ஒன்றரை மணிநேரம் ஒதுக்குங்கள். நீர்வீழ்ச்சிப் பாதை திறந்திருக்கிறதா என்று டாக்சி பேசும்போதே விசாரியுங்கள். யூரோத் தாள்களாக வைத்திருங்கள், எங்கள் டாக்சியில் வங்கி அட்டை வாங்கவில்லை. சொந்தமாகப் போகலாமா, கப்பல் டூரா என்று கேட்டால் இப்போதும் எனக்குத் தெளிவான பதில் இல்லை. கடவுச்சீட்டின் பிரதி ஒன்று கையில் இருந்தால் சொந்தமாகப் போங்கள் என்பேன்.

சிட்னிக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் ரயிலில் அபிராவின் பதிவைக் காதில் போட்டுக் கேட்டேன். இப்போது அது "தன்னைத் தெளி, மனமே தெளி" என்று கேட்டது. மறுபடி போட்டால் தண்ணீர். மறுபடி போட்டால் மனம். வீட்டுக்கு வந்து சுதனிடம் கேட்டேன், அவர் தண்ணீர் என்றே நின்றார். தவறான பொருளைச் சொல்லி நாற்பது வருடப் பாட்டைக் கெடுத்துவிட்டேனோ என்று இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. கடைசியில் இரண்டு பொருளையும் அபிராவைக் கொண்டு எழுதுவித்து ஜொசியானின் எண்ணுக்கு அனுப்பினேன்.

நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. அபிரா வாசித்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, முதல்முறையாக முழுவதையும் தமிழில் சொன்னாள்.

"அண்ணா சொல்லுறாராம், தண்ணியை நாங்கள் நிப்பாட்ட மாட்டம். மற்றது கஷ்டம், முயற்சி செய்து பாக்கிறம்."