உரிமை விடல்

மாவட்டக் கல்வி அலுவலர் பதவி உயர்வுப் பட்டியல், காலை வழிபாடு முடிந்த கையோடு என் செல்பேசிக்கு வந்தது. தலைமையாசிரியர்கள் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். பள்ளி வாசலில் உப்பு லாரி ஒன்று விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, நின்ற இடத்திலேயே தேடினேன். என் பெயர் இருந்தது. அதற்கு எதிரே 'உரிமை விடல்' என்றும் இருந்தது.

பதவி உயர்வு வேண்டாமென்று நாமே எழுதிக் கொடுப்பதற்கு எங்கள் துறையில் அந்தப் பெயர். கொடுத்துவிட்டால் மூன்று வருடம் நம்மைக் கூப்பிட மாட்டார்கள். நான் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம்தான்.

நான் எழுதவே இல்லையே! அந்த நாற்காலிக்கு வெட்கமில்லாமல் ஆசைப்பட்டவள் நான்.

கிளார்க்கைக் கூப்பிட்டேன். ஆலந்தலையிலிருந்து பஸ் ஏறி வருகிறவள், வேலையில் படு கெட்டிக்காரி. கோப்பை விரித்துக் காட்டினாள். டைப் அடித்த கடிதம். அடியில் சாட்சாத் என் கையெழுத்து.

"ஏளா, யாரைக் கேட்டு இதை அடிச்ச?"

"யாரைக் கேக்கணும் மேடம்? வருசா வருசம் புரமோஷன் பேனல்ல பேரு வார லேடீஸ் எல்லாருக்கும் நான்தான அடிச்சு வைக்கேன். ஸ்போர்ட்ஸ் அன்னைக்கு கிரவுண்டுல மத்த பேப்பரோட நீட்டுனேன், நீங்களும் கையெழுத்து போட்டுட்டிய. தூரமா போட்டுட்டா வீட்ல சாருக்கு யாரு சமைப்பா?"

என் வீட்டில் சமைப்பதே அவர்தான். அவர் வைத்த மீன்குழம்பை இவளே டிபன் பாக்ஸில் வாங்கிப் போயிருக்கிறாள்.

"ஆம்பளை சார்மாருக்கும் அடிச்சியா?"

"அவங்களுக்கு எதுக்கு மேடம்?" உண்மையாகவே புரியாமல் கேட்டாள்.

பள்ளிக்கூடமே கேட்கிற மாதிரி கத்தினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போன வருசம் கெமிஸ்ட்ரி டீச்சர் பேரு ஹெச்.எம். பேனல்ல வந்தப்ப, 'மவன் பிளஸ் டூ படிக்கான், இப்பப் போயி எங்கன அலைவா, அடிச்சு வை'ன்னு நீங்கதான சொன்னிய? ரெண்டு நாள் யோசிச்சிட்டு வாரேன்னு சொன்னாவ அந்த டீச்சர். நீங்கதான் பேனாவ எடுத்துக் குடுத்திய."

சொன்னேன்தான். கரிசனமாகத்தான் சொன்னேன். அந்த டீச்சர் பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தது இப்போது நினைவுக்கு வந்தது. அன்று நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்மீதே அருவருப்பாக இருந்தது.

எப்படியாவது சரிசெய்துவிட வேண்டும் என்ற வேகத்தில், "கடிதத்தை ரத்து பண்ணச் சொல்லி ரெண்டு மனு அடி. எனக்கு ஒண்ணு, கெமிஸ்ட்ரி டீச்சருக்கு ஒண்ணு" என்றேன்.

கிளார்க் கீபோர்டில் கை வைத்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"டீச்சர்ட்ட கேக்காமலா மேடம்?"

நான் எழுந்து, கெமிஸ்ட்ரி லேப் இருக்கிற மாடிக்கு நடந்தேன்.