ஆக்லாந்தில் ஒரு டாக்சிக்கார எம்.பி.யும் டெபாசிட் இழந்த நானும்

1998 ஆகஸ்டில் ஆக்லாந்து போனதற்கு நான் ஊரில் சொன்ன காரணம், அக்காவைப் பார்ப்பது. உண்மையில் ஊருக்குள் தலைகாட்ட முடியவில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பு நகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் நின்று டெபாசிட் இழந்திருந்தேன். மறுபடி நிற்பதா, ஆளை விடுங்கள் சாமி என்று மோட்டார் காயில் கட்டும் கடையோடு இருந்துவிடுவதா? மூன்று வாரத்தில் முடிவு செய்துகொண்டு திரும்புவதாகத் திட்டம்.

சென்னையிலிருந்து சிங்கப்பூர், அங்கே விமானம் மாறி ஆக்லாந்து. விமான நிலையத்திலிருந்து அக்கா வீடு இருக்கும் பிளாக்ஹவுஸ் பேவுக்கு டாக்சியில் அரை மணி நேரம். ஆகஸ்ட் அங்கே குளிர்காலம், கூடவே மழை. வெறும் ஸ்வெட்டரை நம்பிப் போகாதீர்கள், நான் போய் அனுபவித்தேன். அத்தான் தனக்குத் தெரிந்த டாக்சிக்காரரை அனுப்பியிருந்தார். ஆறடி உயரம், பூவேலை செய்த வட்டத் தொப்பி. பெயர் ஹாருனா. வடக்கு நைஜீரியாவில் ஹவுசா இனத்துக்காரர்.

பெட்டியைத் தொடுவதற்கு முன்பே குசலம் விசாரிக்க ஆரம்பித்தார். தூங்கினீர்களா, வீட்டில் சுகமா, தொழில் எப்படி, களைப்பு எப்படி? களைப்பையும் ஒரு சொந்தக்காரரைப் போல விசாரித்தார். இத்தனையும் கேட்டு முடிக்காமல் காரியத்துக்கு வருவது அவர்கள் ஊரில் மரியாதை இல்லையாம். எனக்கோ குளிரில் பல் தந்தியடித்தது. அம்மாவுக்கு இடது முழங்காலில் வலி என்று ஏதோ சொல்லிவைத்தேன்.

"அவரு அவங்க நாட்டுல எம்.பி.யா இருந்தவருடா. ஒரு தேர்தல்லகூடத் தோத்ததில்லையாம்" என்றாள் அக்கா, சோறு போட்டுக்கொண்டே. நான் தட்டை நகர்த்தி வைத்தேன்.

விவரம் இதுதான். ஹாருனா தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஊர்க்காரர்கள் பிடித்துத் தள்ளி உள்ளாட்சி மன்றத்துக்கு அனுப்பினார்கள். பிறகு மாநில சட்டமன்றம், அதன்பின் தேசிய நாடாளுமன்றம். 93-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து நாடாளுமன்றத்தைக் கலைத்தது. சில மாதம் சிறையில் இருந்துவிட்டு, ஆக்லாந்தில் நர்ஸாக இருந்த மகளிடம் வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் டாக்சி. நியாயமாக எனக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது.

மறுநாள் அவரோடு சான்ட்ரிங்ஹாம் போனேன். நம் ஊர் மளிகை வேண்டுமென்றால் இந்தத் தெருதான். டவுனிலிருந்து பஸ்ஸும் உண்டு. கடைக்குள் நுழைந்ததும், "சுகமா? வீட்டில எல்லாரும் சுகமா?" என்று, டாக்சியில் ஏறுகிறவர்களிடம் கற்றுக்கொண்ட யாழ்ப்பாணத் தமிழில் கேட்டார் ஹாருனா. கல்லாவில் இருந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"ஓம் அண்ணை, சுகம்" என்றவர் என் பக்கம் திரும்பி, "இவர் வராட்டி எங்களுக்குப் பொழுதே போகாது தம்பி. நீங்கள் ஆர்?" என்றார்.

தமிழ் என் தாய்மொழி. பருப்பை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

காரில் நேராகவே கேட்டுவிட்டேன். "எப்படி ஜெயித்தீர்கள்?"

"தெரியாது. ஓட்டுப் போட்டவர்களைத்தான் கேட்க வேண்டும். உங்களுக்கு ஏன் போடவில்லை என்று நீங்கள் கேட்டீர்களா?"

நான் பருப்புப் பொட்டலத்தின் விலைச்சீட்டைப் படிக்க ஆரம்பித்தேன்.

அங்கிருந்து கிளென் ஈடன் போனோம். சுற்றுலாப் பயணிக்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. சின்னக் கடைவீதி, வீடுகள். அவருக்குத் தெரிந்த ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தில், ஊரில் இருந்த பெரியவர் இறந்துவிட்டார். சண்டையால் இவர்கள் போக முடியவில்லை. ஹாருனா மீட்டரை அணைத்து, தொப்பியைச் சரிசெய்து, உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. இறந்தவரின் மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, "ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்று ஆரம்பித்துவிட்டேன். அன்னாரின் சேவை, அன்னாரின் பண்பு என்று, முகமே தெரியாத மனிதரைப் பற்றி, மைக் பிடித்த பழக்கத்தில் போய்க்கொண்டே இருந்தேன். நடுவில் அந்த வீட்டுச் சின்னப்பெண், "ஹூ இஸ் ஹீ, மம்?" என்றாள். அம்மாவுக்கும் பதில் தெரியவில்லை. அத்தோடு உட்கார்ந்தேன்.

அந்த வாரமே ஹாருனாவுக்கு ஊரிலிருந்து போன் வந்தது. ராணுவத் தலைவர்தான் ஜூனிலேயே இறந்துவிட்டாரே, தேர்தல் வரப்போகிறது, வந்து நில்லுங்கள் என்று. டாக்சியை விற்றுவிட்டுப் புறப்பட்டார். மூன்று வாரம் முடிந்து நான் கிளம்பிய அதே நாள் அவருக்கும் விமானம். அத்தான் என்னை விமான நிலைய வாசலில் இறக்கிவிட்டு, "பார்க்கிங் கிடைக்காதுப்பா" என்று கிளம்பினார். உள்ளே போனால் சான்ட்ரிங்ஹாமே திரண்டு நிற்கிறது. மளிகைக் கடை அம்மா, கிளென் ஈடன் குடும்பம், அத்தனை பேரும். பார்க்கிங் கிடைக்காது என்று போன அத்தானும் எப்படியோ காரை நிறுத்திவிட்டு அந்தக் கூட்டத்தில் நின்றார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஹாருனா என்னிடம் வந்தார். தூங்கினீர்களா, களைப்பு எப்படி என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, "அம்மாவுக்கு அந்த இடது முழங்கால் எப்படி இருக்கிறது?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. மூன்று வாரமாக அம்மாவுக்கு நான் போன் செய்யவே இல்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். குளிர்காலத்தில் போனால் மழைக்கோட்டு அவசியம். அப்போது விமான நிலையத்தில் புறப்பாட்டு வரி இருபது டாலர் தனியாகக் கட்டினேன். இப்போதைய நிலவரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். டாக்சியில் ஏறினால் ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுங்கள், ஆனால் அவர் முன்பு என்னவாக இருந்தார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அடுத்த தேர்தலில் நான் மனுத்தாக்கல் செய்யவில்லை. விமானத்தில் உட்கார்ந்து எப்படி எப்படியோ கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த மனுஷன் எங்கள் வார்டில் நின்றால், எதிர்த்து நிற்பது நானாகவே இருந்தாலும், என் ஓட்டு அவருக்குத்தான்.