போணி ஆகும்வரை நின்ற அக்கா

அக்காவின் முதலாண்டு நினைவுநாளுக்கு வந்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். என்னை எழுதச் சொன்னார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. அடுத்த வாரம் எனக்கும் விற்பனைப் பிரிவில் நேர்முகத் தேர்வு. "ஒங்கக்கா மாதிரி ஒனக்கு வாய் சாமர்த்தியம் உண்டா?" என்று பார்க்கிறவர்களெல்லாம் கேட்கிறார்கள். அதனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போன பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். அப்பா தவறியபோது அக்கா வேதியியல் பட்டம் முடித்திருந்தார். பூச்சிமருந்து நிறுவனம் ஒன்று விற்பனைக்கு ஆள் கேட்டது. பட்டம் வேண்டும், வண்டி ஓட்டும் உரிமம் வேண்டும், நல்ல பேச்சுத் திறமை வேண்டும். முதல் இரண்டும் அக்காவிடம் இருந்தன. மூன்றாவது மருந்துக்குக்கூடக் கிடையாது.

தேர்வு நாளன்று மேலாளர் எல்லோரையும் கும்பகோணத்தில் ஓர் உரக்கடைக்கு அழைத்துப்போய், "ஆர்டர் எடுங்க பாப்போம்" என்றாராம். எம்.பி.ஏ. படித்தவர்கள் முந்திக்கொண்டு உள்ளே போனார்கள். கடைக்காரப் பெரியவர் சீறினார்: "கடையத் தொறந்து இன்னும் போணியே ஆகல. அதுக்குள்ள விக்க வந்துட்டீங்களா? வெளிய போங்கய்யா!"

அக்கா மட்டும் யூரியா மூட்டை ஓரமாக நின்றார். ஒரு விவசாயி வந்து துத்தநாக சல்பேட் வாங்கினார், போணி ஆயிற்று. "நீ என்னம்மா?" என்று பெரியவர் திரும்பினார். அக்கா பேசாமல், நிறுவனம் கொடுத்தனுப்பிய மருந்துப் பாக்கெட்டை நீட்டினார். அவர் ஒரு பெட்டி எடுத்துக்கொண்டார்.

"இதுதான்யா சேல்ஸ்! போணி ஆகுற வரைக்கும் பொறுமையா நின்னுச்சு பாருங்க" என்று மேலாளர் அங்கேயே வேலையை உறுதி செய்தார்.

வீட்டுக்கு வந்து அக்கா என்னிடம் சொன்னது வேறு. "போணியாவது ஒண்ணாவது! நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சுடி. ஓடிடலாம்னு பாத்தேன், செருப்ப எங்க கழட்டிப் போட்டேன்னே தெரியல."

சிரித்தோம். ஆனால் அந்தப் பயம் அக்காவை விடவே இல்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் மேலாளர் போணிக் கதையைச் சொல்லி அக்காவை எழுந்து நிற்கச் சொல்வார். அன்று பயந்துதான் நின்றாள் என்று அந்தக் கடைக்காரப் பெரியவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், குட்டு உடைந்துவிடும் என்று அக்கா நடுங்குவார். "என் பொழப்பே அவரு வாயில இருக்குடி" என்பார். அம்மாவின் மருந்தும் என் படிப்பும் அந்தச் சம்பளத்தில்தான் நடந்தன. இந்த மருந்துக்கு நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சி போகுமா என்று விவசாயிகள் கேட்டால், "தெரியலைங்க, கேட்டுச் சொல்றேன்" என்பார். அப்படியே கேட்டும் சொல்வார்.

போன ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தவர் தஞ்சாவூர் மருத்துவமனையிலிருந்து திரும்பவில்லை. "பயமா இருக்குடி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணுமில்லக்கா" என்றேன். எனக்கு அவரைவிட அதிகப் பயம்.

கருமாதிக்கு அந்தப் பெரியவரும் வந்திருந்தார். இனி யாருக்கு என்ன பயம் என்று நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியுமேம்மா" என்றார் அவர். "கையில பாக்கெட்டு ஆடுன ஆட்டத்தப் பாத்தேனே. இப்படிப் பயப்படுற புள்ள பொய் சொல்லி நம்ம தலையில சரக்கக் கட்டாதுன்னுதான் எடுத்தேன்."

"அய்யோ, இத ஒரு வார்த்தை அக்காகிட்ட சொல்லிருக்கக் கூடாதாங்க?"

"அதுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன், தாயி." துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், ரத்தம் கொடுத்த தெருப்பிள்ளைகள், எங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்ட அண்டை வீட்டார், அக்காவை நம்பி வாங்கிய கடைக்காரர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

அக்கா, அவருக்கு அன்னிக்கே தெரியுமாம். இனிமே பயப்படாதக்கா.