ஓடவேண்டிய பம்பு

லவர்ன் ஹ்ருஸ்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். டெக்சாஸில் அந்தத் தெரு முழுக்கத் தெரிந்த சங்கதி இது. பள்ளிப் பேருந்து ஓட்டிய காலத்தில் கடைசி வரிசை வாண்டுகளைக் கண்ணாடி வழியே ஒரு முறை முறைத்தே அடக்கியவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். கோபம் ஓய்வு பெறவில்லை.

ஆனால் மனசு அப்படியல்ல. தம்பி எம்மட் கூரை வேலையில் மேலிருந்து விழுந்து கால்கள் துவண்டுபோனபோது, பெண்டாட்டிக்காரி கைகழுவிவிட்டுப் போனாள். லவர்ன்தான் சக்கர நாற்காலியோடு தன் வீட்டுக்கு அழைத்து வந்தாள். கொல்லையில் இருந்த நீச்சல் குளத்துக்கு ஹீட்டர் வைத்தாள். தரையில் நிற்காத கால்கள் அந்த வெதுவெதுப்பில், மார்பளவு தண்ணீரில் நின்றன. கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, நின்றபடியே காபி குடிப்பான்.

"இப்ப நான் உன்னைவிட உசரம்க்கா" என்பான்.

"உசரத்துல என்னடா இருக்கு, காபியத் தண்ணியில சிந்தாதே" என்பாள் அவள். நிற்பதை விட்டால் இருக்கிற பலமும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த ஊர் நீச்சல் குளங்களுக்கு வடக்கிலிருந்து இறங்கும் குளிர்தான் எமன். பம்பு, வடிகட்டி எல்லாம் வெட்டவெளியில் சுவரோரம் கிடக்கும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் உறையாது. பம்பை நிறுத்தினால் அடியிலிருக்கும் திருகுமூடிகளைக் கழற்றி உடனே வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே நிற்கும் தண்ணீர் உறைந்து, உப்பி, பம்பையே பிளந்துவிடும்.

அந்தப் பிப்ரவரியில் யாரும் பார்த்திராத குளிர், தரையெல்லாம் வெண்பனி. பாதி ஊருக்குக் கரண்டு இல்லை. லவர்ன் இருந்த வீட்டு வரிசை ஆஸ்பத்திரிக்குப் போகும் கரண்டு லைனில் வருவதால் தப்பித்தது. எதிர்வரிசை இருட்டில் கிடந்தது. மின்சாரத்தைச் சேமியுங்கள், குளப் பம்பை நிறுத்துங்கள் என்று போனில் ஓயாமல் செய்தி. லவர்ன் ஹீட்டரை அணைத்தாள். பம்பை மட்டும் நிறுத்தவில்லை. பம்பை வடித்தாலும், பூமிக்குள் போகிற குழாயை வடிக்க யாரால் முடியும்?

எதிர்வீட்டு கார்லண்ட் டப்ஸ் தெருவில் நின்று கத்தினான். "எங்க வீட்ல புள்ளைங்க கோட்டப் போட்டுக்கிட்டுத் தூங்குது. உன் குளத்துக்குக் கரண்டு கேக்குதா?"

"உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போ! என் பம்பு நின்னா உன் வெளக்கு எரிஞ்சிடுமா?"

மறுநாள் காலை ரொட்டிக்காக வரிசையில் நிற்கப் போனவள் மதியத்துக்கு மேல்தான் திரும்பினாள். காரை விட்டு இறங்கியதுமே காது தேடியது. பம்பின் உறுமல் இல்லை. கொல்லைக்கு ஓடினாள். பம்பின் வயிறு குறுக்கே பிளந்து, உள்ளிருந்து பனிக்கட்டி துருத்திக்கொண்டிருந்தது. ஐயோ, நாசமாப் போக!

நேரே எதிர்வீட்டுக் கதவை உதைத்தாள்.

"திருட்டுப் பயலே! என் வீட்டுக்குள்ள பூந்து பம்ப நிறுத்துனியா? என் தம்பி காலு ரெண்டும் அதுலதான்டா இருக்கு!"

போர்வையோடு வந்து நின்ற கார்லண்டின் முகம் சிவந்துபோனது. "நான் உன் வீட்டு வாசப்படி மிதிக்கலை. மிதிக்க நீ எப்பக் கூப்பிட்டே? நாலடில எதிர்வீடு. வெளக்கெரியற வீட்டுக்கு ஒரு தடவ வான்னு சொன்னியா?"

லவர்ன் விருட்டென்று திரும்பினாள். அந்த ஆத்திரத்தோடு, அவனுடைய காலடித் தடத்தையாவது கண்டுபிடித்து மூஞ்சியில் அடிக்கலாம் என்று கொல்லைக்கு வந்தாள். பனியில் அவளுடைய பூட்ஸ் தடத்தைத் தவிர வேறு காலடி இல்லை. பின்கதவிலிருந்து சுவிட்சுப் பெட்டி வரை போய்த் திரும்பிய சக்கரத் தடங்கள் மட்டும் இருந்தன.

எம்மட் அடுக்களையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

"நீயாடா?"

"எதுத்த வீட்ல நாற்காலிய ஒடச்சு எரிக்கிறாங்கக்கா. என் காலுக்கு மட்டும் கரண்டா? நிறுத்தச் சொல்லித்தானே போன்ல வந்துச்சு."

"நிறுத்துனா வடிக்கணும்னு தெரியாதா உனக்கு? ஒரு போன் போட்டிருந்தா ஓடி வந்து மூடியக் கழட்டியிருப்பேனே, பாவி!"

"சொன்னா நிறுத்த விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டாள். அதனால் கோபம் இன்னும் ஏறியது. பம்புக் கடைக்குப் போன் போட்டாள். ஊரில் பாதிப் பம்பு போய்விட்டது, கோடைக்கு முன்னால் பேசவே வேண்டாம் என்றார்கள். போனை மேசையில் அறைந்துவிட்டு வந்து, தம்பியின் அக்குளில் கை கொடுத்தாள்.

"உன் காலு கோடை வரைக்கும் காத்திருக்காது. எழுந்திரு."

"விழுந்துடுவேன்க்கா."

"விழு. நானும் விழறேன். நில்லுடா!"

தண்ணீர் தாங்கிவந்த பாரம் முழுதும் அவள் தோளில் இறங்கியது. முட்டியால் அவன் முட்டியை முட்டுக்கொடுத்து, திட்டிக்கொண்டே தாங்கினாள். கொஞ்சம் நின்றான். பிறகு இருவரும் சக்கர நாற்காலியில் சரிந்தார்கள்.

"ஒத்தையா முடியாது" என்றாள் மூச்சிரைக்க. "அந்த கார்லண்டுக்குப் போன் போடு. புள்ளகுட்டியோட வரச் சொல்லு. ஒரு பக்கம் அவன் புடிக்கட்டும். என்னைத் திட்டணும்னா உள்ள வந்து, சூடா உக்காந்து திட்டட்டும்."