பெயர் வரிசையில் போட்ட அட்டவணை

மாலை 4.55 மணி. வகுப்புக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, பையைத் தோளிலிருந்து கழற்றாமலே கணக்குப் போட்டுக்கொண்டிருந்த வெண்ணிலா. ஐந்து மணிக்கு எழுந்து ஓடிவிட்டாள். பாடம் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

பத்தாம் வகுப்புக் கணக்கில் தவறிய நூற்றிருபது பேருக்கு ஜமுனாமரத்தூரில் இலவசப் பயிற்சி நடந்தது. அட்டவணை போட்டவன் நான். பெயர்களை அகர வரிசையில் அடுக்கி, முதல் பாதியைக் காலைக்கும் மறுபாதியை மாலைக்கும் பிரித்தேன். மூன்று முறை பாதியில் போனால் பெயர் நீக்கப்படும். அவளுக்கு அது மூன்றாவது முறை. நீக்கினேன்.

மறுநாள் அவள் அப்பா வந்தார்.

"கடைசி பஸ்ஸு அஞ்சு பத்துக்கு சார். வுட்டா காட்டு வழியில நடக்கணும். காலைக்கு மாத்தி வுடுங்க. இந்த வாட்டியும் பெயிலானா திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பிடுவேன்னு சொல்லிக்கீறேன். அழுவுது."

"ஒருத்தருக்கு மாத்தினா எல்லாரும் கேப்பாங்க."

"எல்லாரும் எங்க ஊர்லயா கீறாங்க?"

காலையில் இடமில்லை என்றேன். பதிவேட்டைப் பார்க்காமலே சொன்னேன்.

பத்து நாள் கழித்துத்தான் பெயர்களுக்குப் பக்கத்தில் ஊர்களையும் எழுதிப் பார்த்தேன். காலையில் வந்தவர்களில் பலர் பஸ் நிலையத்தை ஒட்டிய தெருக்காரர்கள். அவர்களுக்கு எந்த நேரமும் ஒன்றுதான். அன்றே வெண்ணிலாவின் வீட்டுக்குப் போனேன்.

"கிளாஸு இல்லாம எங்க பாஸாவப் போவுது? முந்தாநேத்தே திருப்பூருக்கு அனுப்பிட்டோம் சார்," என்றார் அப்பா. நான் உட்கார ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டார்.

காலை வகுப்பில் ஆறு இடங்கள் தேர்வு வரை காலியாக இருந்தன.