கழுத்தைத் தொடாதீர்கள்

நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து வேலை செய்ததில் எனக்குக் கழுத்தும் வலது தோளும் பிடித்துக்கொண்டன. பிசியோதெரபி எடுத்து ஓரளவு தேறியிருந்தேன்.

அப்போதுதான் லிங்கராஜபுரத்தில் வழக்கமாகப் போகும் சலூனில், முடி வெட்டியவர், "கழுத்துல நெட்டி எடுத்துடட்டா சார்? லேசாயிடும்" என்றார். எப்போதும் எடுத்துக்கொள்வதுதானே என்று தலையைக் கொடுத்தேன். ஒரே திருப்பு. தோளிலிருந்து விரல் நுனிவரை வலி பாய்ந்து, கை மரத்துவிட்டது.

ஸ்கேன் பார்த்த டாக்டர், "நல்லவேளை, நரம்பு தப்பிச்சுது" என்றார். பிசியோதெரபிஸ்ட் பெண்ணோ, "நான் கொஞ்சம் கொஞ்சமா சரிபண்றேன். நீங்க ஒரே நிமிஷத்துல கெடுத்துட்டு வர்றீங்களே அங்கிள்!" என்று கடிந்துகொண்டார். ஸ்கூட்டர் ஓட்டவும் தடை. "பின்னாடி திரும்பிப் பார்க்க முடியாதவர் வண்டியில இனிமே நான் ஏறமாட்டேங்க" என்றாள் மனைவி.

பயிற்சிகளை முதலிலிருந்து தொடங்கினேன். ஒருநாள்கூட விடவில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் நன்றாகத் திரும்பிப் பார்த்துக் காட்டினேன். மனைவி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினாள். அன்று எனக்கிருந்த பெருமிதம் கொஞ்சமில்லை.

இப்போது சலூன் நாற்காலியில் உட்காரும்போதே சொல்லிவிடுகிறேன்: "முடி மட்டும் உங்க பொறுப்பு. கழுத்தை நான் பார்த்துக்கிறேன்."